நீதிமன்றம் ஏறும் புகைப்படம்: விலை வைப்பது யார்?

புது தில்லி: தலைநகரின் மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் ஏறத்தாழ ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு கட்டணம் வகுக்கப்பட்டிருக்கிறது. மனுவுடன் செலுத்த வேண்டிய நீதிமன்றக் கட்டணம் சட்டத்தில் இருக்கிறது. நோட்டரி வாங்கக் கூடிய தொகை 1956-ஆம் ஆண்டின் நோட்டரி விதிகளில் இருக்கிறது. சான்றிட்ட நகலுக்கும் கட்டணம் உண்டு. ஆனால், அதே மனுவுடன் இணைக்கப்படும் புகைப்படத்தை எடுத்தவருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு எந்த அட்டவணையும் கிடையாது.

அண்டை வீட்டார் எழுப்பிய சுவர், விபத்தில் நசுங்கிய வாகனம், கிடங்கில் அடுக்கப்பட்ட போலிச் சரக்கு, நகராட்சி இயந்திரம் தரைமட்டமாக்கிய கடை என வழக்குக்கு வழக்கு படம் தேவைப்படுகிறது. தீஸ் ஹஸாரியிலும், கர்கர்டூமாவிலும், சாகேத்திலும் வழக்காடுவோர் இதற்காகத் தேடிச் செல்வது பெரும்பாலும் திருமணங்களுக்கும் விழாக்களுக்கும் படம் எடுக்கும் சுயேச்சைப் புகைப்படக் கலைஞர்களைத்தான். பேரம் அந்த இடத்திலேயே முடிகிறது. "இத்தனை படம், இவ்வளவு பணம்" என்பதே ஒப்பந்தம். எழுத்து மூலம் ஏதும் இருப்பதில்லை.

திருமணப் படத்துக்குச் சரியாக இருக்கும் இந்தக் கணக்கு, வழக்குப் படத்துக்குப் பொருந்துவதில்லை. திருமணப் படம் ஆல்பத்தில் சேர்ந்ததும் கலைஞரின் வேலை முடிகிறது. வழக்குப் படமோ தாக்கல் செய்யப்பட்ட பிறகுதான் அவருடைய வேலையைத் தொடங்கி வைக்கிறது. சான்றிதழ், சம்மன், சாட்சிக் கூண்டு, குறுக்கு விசாரணை என்று அது பல ஆண்டுகளுக்கு நீளக் கூடும். அந்த வேலைக்கு யார் பணம் தருவது என்ற கேள்விக்கு விடை இல்லாததால் பாதிக்கப்படுவோர் கலைஞர்கள் மட்டுமல்ல. சாட்சியத்தின் தரமும் அதனோடு சேர்ந்து பாதிக்கப்படுகிறது.

நெகட்டிவிலிருந்து சான்றிதழுக்கு

பிலிம் சுருள் காலத்தில் விதி எளிமையாக இருந்தது. படம் எடுத்தவர் நேரில் வந்து, "இது நான் எடுத்தது" என்று கூற வேண்டும். நெகட்டிவையும் காட்ட வேண்டும். நெகட்டிவ் இல்லாத படம் நகலாகவே கருதப்பட்டது.

இந்த விதியின் வலிமையை நாடே அறிந்துகொண்டது 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி. பாபர் மசூதி இடிப்பு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருந்த 32 பேரையும் லக்னௌவில் உள்ள சிபிஐ சிறப்பு நீதிமன்றம் அன்று விடுதலை செய்தது. அரசுத் தரப்பு அளித்த புகைப்படங்களின் நெகட்டிவ்கள் தாக்கல் செய்யப்படவில்லை என்பதால் அவற்றை ஆதாரமாகக் கொள்ள இயலாது என்பது தீர்ப்பில் கூறப்பட்ட காரணங்களில் ஒன்று. காணொலிப் பதிவுகளையும் நம்பத்தகுந்தவையாக அந்த நீதிமன்றம் ஏற்கவில்லை. 1992 டிசம்பரில் அயோத்தியில் பத்திரிகைகளுக்காகப் படம் எடுத்த கலைஞர்கள் பின்னாளில் இந்த வழக்கில் சாட்சிகளாக அழைக்கப்பட்டனர். செய்திக்காக எடுக்கப்பட்ட படம் 28 ஆண்டுகளுக்குப் பிறகும் நீதிமன்றத்தில் தேவைப்படும் என்று எண்ணி எந்தக் கலைஞரும் நெகட்டிவைப் பாதுகாத்திருக்கப் போவதில்லை. அப்படிப் பாதுகாப்பதற்கு யாரும் அவருக்குப் பணம் தருவதுமில்லை.

டிஜிட்டல் கேமரா வந்ததும் நெகட்டிவின் இடத்தைச் சான்றிதழ் பிடித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது, 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 65-பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்வதானால், அது எந்தக் கருவியில் உருவானது, அக்கருவி ஒழுங்காக இயங்கியதா என்பதைக் கூறும் சான்றிதழ் தேவை என்றது அப்பிரிவு.

நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் 2005-ஆம் ஆண்டு அளித்த தீர்ப்பில் சான்றிதழ் இல்லாமலும் ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் தேதி, கேரளத்தின் ஏறநாடு தொகுதித் தேர்தல் வழக்கில் அந்த நிலையை அது மாற்றிக்கொண்டது. தேர்தல் பிரசாரத்தில் ஒலிபரப்பப்பட்டதாகக் கூறப்பட்ட பேச்சுகளும் பாடல்களும் அடங்கிய குறுந்தகடுகளுக்குச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை. எனவே அவை ஏற்கப்படவில்லை. மனுதாரர் தோற்றார். 2018-இல் இந்த விதி மீண்டும் சற்றுத் தளர்த்தப்பட்டது. 2020-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி, மகாராஷ்டிரத்தின் ஜால்னா தொகுதித் தேர்தல் வழக்கில், மூன்று நீதிபதிகள் அமர்வு மீண்டும் சான்றிதழ் கட்டாயம் என்று உறுதி செய்தது.

அந்தத் தீர்ப்பில் புகைப்படக் கலைஞர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விளக்கமும் இருக்கிறது. தகவல் முதன்முதலில் பதிவான கருவியை அதன் உரிமையாளரே நீதிமன்றத்துக்குக் கொண்டு வந்து, அது தம்முடையது, தாமே இயக்கியது என்று கூண்டிலேறிக் கூறினால், அது மூலச் சான்றாகும், சான்றிதழ் தேவையில்லை. சுருங்கச் சொன்னால், ஒன்று கலைஞர் கையெழுத்திட வேண்டும், அல்லது கருவியோடு நேரில் வர வேண்டும். இரண்டிலும் அவருடைய நேரம் செலவாகிறது.

2024-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. 65-பி பிரிவின் இடத்தில் இப்போது 63-ஆவது பிரிவு. சான்றிதழுக்குச் சட்டத்தின் அட்டவணையிலேயே படிவம் தரப்பட்டுள்ளது. அதன் முதல் பகுதியில் கருவியின் விவரங்களையும், கோப்பின் 'ஹாஷ்' மதிப்பையும் குறிப்பிட வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் மாறிவிடும் எண்ணெழுத்துத் தொடர் இது, கைரேகை போன்றது. இரண்டாம் பகுதியை ஒரு நிபுணர் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். யாரை நிபுணராகக் கொள்வது என்பதைப் படிவம் விளக்கவில்லை. அவருக்கு யார் பணம் தருவது என்பதையும் கூறவில்லை.

எதற்குக் கூலி?

வழக்குப் படத்தின் விலையைக் கணக்கிடுவதில் பெரும்பாலோர் செய்யும் பிழை, படங்களின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொள்வதுதான். ஐம்பது படங்கள் எடுத்தாலும் ஐந்து படங்கள் எடுத்தாலும் அந்த இடத்துக்குச் சென்று வருவதற்கான நேரம் ஒன்றே. எண்ணிக்கைக்குக் கூலி என்றால், தேவையற்ற படங்கள் குவியும். அல்லது, செலவுக்கு அஞ்சும் வழக்காடி, தேவையான கோணங்களையும் வேண்டாம் என்பார். சுவரின் விரிசலை மட்டும் அருகில் எடுத்து, அந்தச் சுவர் எந்தத் தெருவில், எந்த வீட்டில் இருக்கிறது என்பதைக் காட்டும் படத்தை விட்டுவிட்டால், விரிசல் படத்தால் பயனில்லை.

விளம்பரத் துறையில் படத்தின் விலை அது எத்தனை இடங்களில், எவ்வளவு காலம் பயன்படும் என்பதைப் பொறுத்து உயரும். அந்த முறையும் இங்கே பொருந்தாது. வழக்கின் மதிப்பு ஒரு கோடி ரூபாய் என்பதால் படம் எடுக்கும் உழைப்பு கூடிவிடுவதில்லை.

எஞ்சுவது நேரக் கணக்கு. இதில் ஐந்து இனங்கள் அடங்கும். முதலாவது, இடத்துக்குச் சென்று படம் எடுக்கும் நேரமும் பயணச் செலவும். இரண்டாவது, கோப்புகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எங்கிருந்து எந்தத் திசையை நோக்கி எடுக்கப்பட்டது என்று பட்டியலிட்டு, ஹாஷ் மதிப்பு கணக்கிட்டு, நகல் தரும் வேலை. மூன்றாவது, படம் முதலில் பதிவான மெமரி கார்டை அழிக்காமல் உறையிட்டுப் பாதுகாப்பது. மற்ற வேலைகளில் திரும்பத் திரும்பப் பயன்படும் கார்டு, வழக்கு வேலையில் ஒரே முறையோடு முடங்கிவிடுகிறது. நான்காவது, சான்றிதழ். ஐந்தாவது, நீதிமன்ற வருகை.

ஓர் எடுத்துக்காட்டு. எட்டு மணி நேரம் கொண்ட ஒரு நாளுக்கு ஒரு கலைஞர் 4,000 ரூபாய் எதிர்பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 500 ரூபாய். பயணம் உள்பட இடத்தில் 5 மணி நேரத்துக்கு 2,500 ரூபாய், ஆட்டோ கட்டணம் 500 ரூபாய், சான்றிதழ் உள்பட கோப்பு வேலைக்கு 3 மணி நேரம் 1,500 ரூபாய், முடங்கும் கார்டுக்கும் நகல் கருவிக்கும் 1,500 ரூபாய். ஆகத் தொகை 6,000 ரூபாய். பின்னர் சம்மன் வருகிறது. நீதிமன்றத்தில் எப்போது அழைப்பார்கள் என்று தெரியாததால் ஒவ்வொரு வருகைக்கும் ஒரு முழு நாள் போய்விடும். கூலியும் பயணமும் சேர்த்து 4,500 ரூபாய். இரண்டு முறை வழக்கு ஒத்திவைக்கப்பட்டு, மூன்றாம் முறை சாட்சியம் பதிவானால் 13,500 ரூபாய். படம் எடுத்ததற்கான தொகையைப் போல் இரு மடங்குக்கும் அதிகம். இந்தத் தொகைகள் கணக்கு புரிவதற்காக வைத்துக்கொள்ளப்பட்டவையே. சந்தை விலை அல்ல. ஆனால் விகிதம் எந்தத் தொகைக்கும் ஏறத்தாழ இதுவாகவே இருக்கும். முதல் நாளிலேயே "எல்லாம் சேர்த்து 6,000" என்று ஒப்புக்கொண்ட கலைஞர், மூன்று நாள் கூலியை இழக்கிறார்.

இழப்பைத் தவிர்க்க அவர் செய்யக் கூடியது ஒன்றுதான்: சம்மனைக் கண்டும் வராமல் இருக்க முயல்வது. முகவரி மாறிவிட்டது, கார்டு கிடைக்கவில்லை, நினைவில்லை என்ற பதில்கள் இப்படித்தான் பிறக்கின்றன. தோற்பது வழக்கு.

சாட்சிப் படி

சட்டம் இதை அடியோடு மறந்துவிட்டது என்றும் கூற முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16-ஆவது ஆணைப்படி, சாட்சிக்குச் சம்மன் கோரும் தரப்பு, அவருடைய பயணச் செலவையும் ஒரு நாள் வருகைக்கான செலவையும் முன்கூட்டியே நீதிமன்றத்தில் செலுத்த வேண்டும். ஒரு நாளுக்கு மேல் சாட்சி காத்திருக்க நேர்ந்தால் கூடுதல் தொகை செலுத்தும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். நிபுணராக அழைக்கப்படுபவருக்கு, சாட்சியம் அளிக்கும் நேரத்துக்கு மட்டுமின்றி, வழக்குக்காக அவர் செய்த நிபுணத்துவப் பணிக்கும் நியாயமான ஊதியம் வழங்கலாம் என்று அதே ஆணை கூறுகிறது.

சிக்கல் எங்கே என்றால், புகைப்படக் கலைஞர் இந்த இரண்டு வகைகளுக்கும் நடுவில் நிற்கிறார். அவர் கருத்துக் கூறுவதில்லை. தாம் கண்டதையும் பதிவு செய்ததையும் கூறுகிறார். ஆகவே பொதுவாகச் சாதாரண சாட்சியாகவே நடத்தப்படுகிறார். அந்தச் சாட்சிக்கு உரிய படி, அவருடைய ஒரு நாள் தொழில் வருமானத்துக்கு ஈடாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குற்றவியல் வழக்குகளில் சாட்சிகளின் நியாயமான செலவை அரசு கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். அதுவும் மாநில அரசுகள் வகுக்கும் விதிகளுக்கு உட்பட்டது.

தாமதம் இந்தச் சிக்கலைப் பெருக்குகிறது. நாட்டின் நீதிமன்றங்களில் நிலுவையில் உள்ள வழக்குகள் 5 கோடியைக் கடந்துவிட்டதாக 2023-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் ஒத்திவைப்பு கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் கூறினாலும், நடைமுறை வேறாக இருப்பதை வழக்காடும் எவரும் அறிவர்.

யாருடைய படம்?

விலையோடு பிணைந்த இன்னொரு கேள்வி உரிமை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, பணம் பெற்றுக்கொண்டு, ஒருவர் கேட்டதற்கிணங்க எடுக்கப்பட்ட புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணம் கொடுத்தவரே. எனவே வழக்குக்காக எடுத்த படத்தைப் பின்னர் பத்திரிகைக்கு விற்கலாம் என்று கலைஞர் எண்ணக் கூடாது. விற்றால், உரிமைச் சிக்கலோடு, வழக்கில் அவருடைய நடுநிலையும் கேள்விக்குள்ளாகும்.

ஏற்கெனவே தமக்காக எடுத்த படம் ஒன்று வழக்குக்குத் தேவைப்படும் நிலை வேறு. ஆர்ப்பாட்டத்தில் தடியடி நடந்தபோது ஒரு சுயேச்சைக் கலைஞர் எடுத்த படத்தை, காயமடைந்தவரின் வழக்கறிஞர் கேட்கிறார் என்று கொள்வோம். உரிமை கலைஞரிடமே இருக்கிறது. ஆனால் நீதிமன்ற நடவடிக்கைக்காக ஒரு படைப்பை நகலெடுப்பது உரிமை மீறல் ஆகாது என்று அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவு விலக்களிக்கிறது. ஆகவே படத்தின் பயன்பாட்டுக்கு அவர் விலை கூறுவதற்குச் சட்டத்தில் இடம் குறைவு. மூலக் கோப்பைத் தேடி எடுப்பதற்கும், சான்றிதழ் தருவதற்கும், நேரில் வருவதற்கும் கூலி கேட்கலாம். இந்த வேறுபாட்டை அறியாமல் பெருந்தொகை கேட்பவரும் உண்டு. ஒன்றுமே கேட்காமல் கொடுத்துவிட்டுப் பின்னர் சம்மன் கண்டு திகைப்பவரும் உண்டு.

ஆணையருக்குக் கட்டணம், படக்காரருக்கு?

நீதிமன்றமே படம் எடுக்கச் சொல்லும் வழக்குகளிலும் நிலைமை இதுதான். சர்ச்சைக்குரிய இடத்தைப் பார்வையிட, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26-ஆவது ஆணையின் கீழ், வழக்கறிஞர் ஒருவரை ஆணையராக நீதிமன்றம் நியமிக்கலாம். தில்லி உயர் நீதிமன்றத்தில் வணிகச் சின்ன வழக்குகளில் இது அன்றாட நடைமுறை. போலிச் சரக்கு இருப்பதாகக் கூறப்படும் கிடங்குக்கு ஆணையர் திடீரெனச் செல்கிறார். படமும் காணொலியும் எடுக்க உத்தரவிலேயே அனுமதி தரப்படுகிறது. ஆணையரின் கட்டணத்தை நீதிபதி உத்தரவிலேயே நிர்ணயிக்கிறார். படம் எடுப்பவரின் கூலி பொதுவாக 'இதர செலவுகள்' என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. அதைத் தருபவர் வழக்குத் தொடுத்த நிறுவனம். கலைஞரைத் தேர்ந்தெடுப்பவரும் பல வேளைகளில் அந்த நிறுவனமே என்றால், எதிர்த்தரப்பு ஐயம் கொள்வது இயல்பே.

இந்த இடைவெளி எவ்வளவு பெரிய சிக்கலாகும் என்பதை 2022-ஆம் ஆண்டு மே மாதம் வாரணாசி காட்டியது. ஞானவாபி மசூதி வளாகத்தில் நீதிமன்ற ஆணையர் மேற்பார்வையில் காணொலி ஆய்வு நடைபெற்றது. ஆணையர் தாமாக அமர்த்திய தனியார் ஒளிப்பதிவாளர் ஊடகங்களிடம் தகவல் தெரிவித்தார் என்ற புகாரின் பேரில், மே 17-ஆம் தேதி அந்த ஆணையரையே உரிமையியல் நீதிமன்றம் நீக்கியது. நாடு முழுவதும் கவனித்துக்கொண்டிருந்த ஒரு வழக்கில், கேமராவைப் பிடித்தவர் யாரால் அமர்த்தப்பட்டார், யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதே சர்ச்சையாயிற்று. கூலியையும், இரகசியம் காக்கும் கடமையையும், எழுத்து மூலமான நியமனத்தையும் உத்தரவிலேயே கூறியிருந்தால் பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம் இருந்திருக்காது.

அரசின் கேமராவும் குடிமகனின் கேமராவும்

குற்றவியல் வழக்குகளில் படத்தின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு கூடி வந்திருக்கிறது. காவலில் நேரும் மரணங்களில் பிரேதப் பரிசோதனையைக் காணொலியில் பதிவு செய்ய வேண்டும் என்று தேசிய மனித உரிமைகள் ஆணையம் 1995-ஆம் ஆண்டிலேயே மாநில முதல்வர்களுக்கு எழுதியது. கைப்பற்றிய வாகனங்களைக் காவல் நிலையத்தில் துருப்பிடிக்க விடாமல், படமெடுத்து வைத்துக்கொண்டு உரியவரிடம் ஒப்படைக்கலாம் என்று 2002-ஆம் ஆண்டு குஜராத் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. போலீஸ் மோதல் சாவுகளில் இரு மருத்துவர்கள் பரிசோதனை செய்து அதைக் காணொலியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று 2014-இல் உத்தரவிட்டது. கட்டடங்களை இடிக்கும் நடவடிக்கையைக் காணொலியில் பதிவு செய்து பாதுகாக்க வேண்டும் என்று 2024-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் தேதி ஆணையிட்டது.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதற்குச் செல்லிடப்பேசியையே முன்னுரிமை தந்து கூறுகிறது. ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குச் சென்று, நடைமுறையைக் காணொலியில் பதிவு செய்ய வேண்டும். நீதிமன்றத்தின் முன் வைக்கப்படும் பொருளைப் பற்றி 14 நாள்களில் விவரக் குறிப்பு தயாரித்து, படமும் எடுக்க வேண்டும்.

இவ்வளவும் வரவேற்கத்தக்கவையே. எனினும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. முதலாவது, இவற்றில் பல கடமைகளுக்கு வெளியாளை அழைக்க நேரும்போது, பணம் தருபவர் யார்? காவல் மரணம் குறித்த பரிசோதனையைப் பதிவு செய்பவரை உள்ளூர்க் காவல் துறையே அழைத்து, அதுவே பணம் தருமானால், யாருடைய நடத்தை விசாரிக்கப்படுகிறதோ அவரிடமே கூலி பெறும் நிலை கலைஞருக்கு ஏற்படுகிறது. அடுத்த வேலையும் அங்கிருந்துதான் வர வேண்டும் என்றால் அவருடைய சுதந்திரம் எத்தகையது என்பதை விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது, மறுதரப்பிடம் என்ன இருக்கிறது? அரசு தன் கேமராவுக்குச் சட்டத்தில் இடம் வகுத்துக்கொண்டது. குற்றம் சாட்டப்பட்டவரும், வீடிழந்தவரும், விபத்தில் உறவினரைப் பறிகொடுத்தவரும் தங்கள் பக்கத்தைக் காட்ட வேண்டுமானால் சொந்தப் பணத்தில்தான் காட்ட வேண்டும்.

ஏழைக்கு விலக்கு உண்டு; படத்துக்கு இல்லை

வசதியற்றவர் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டவருக்கு நீதிமன்றக் கட்டணத்தில் விலக்கு அளிக்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றியே இலவச சட்ட உதவிக்கு உரிமை தருகிறது. வழக்கறிஞர், நீதிமன்றக் கட்டணம், சான்றிட்ட நகல்கள், மொழிபெயர்ப்பு, அச்சு ஆகியவை இந்த உதவியில் அடங்கும் என்று தேசிய சட்டப் பணிகள் ஆணையம் விளக்குகிறது. வழக்கு தொடர்பான 'இதர கட்டணங்கள்' என்ற சொல்லும் அதில் உண்டு. ஆனால் புகைப்படம் என்ற சொல் தனித்து இல்லை. சொல் இல்லாத இடத்தில் பணம் ஒதுக்க எந்த அதிகாரியும் தயங்குவார்.

தில்லியின் குடிசைப் பகுதிகளில் மறுவாழ்வு கோருவோர், குறிப்பிட்ட தேதிக்கு முன்பே அங்கே குடியிருந்ததை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இடிப்புக்கு முந்தைய நாள் அந்த வீடு எப்படி இருந்தது என்பதைக் காட்டும் ஒழுங்கான படம், அத்தகையவருக்குப் பெரும் துணை. செல்லிடப்பேசியில் தாமே எடுக்கலாம் என்பார்கள். எடுக்கலாம், நீதிமன்றம் அதையும் ஏற்கும். ஆனால் சான்றிதழை நிரப்பவும், ஹாஷ் மதிப்பைக் குறிப்பிடவும், பழைய பேசி தொலைந்தோ உடைந்தோ போகாமல் வழக்கு முடியும்வரை காக்கவும் யார் அவருக்குக் கற்றுத் தருவது? வசதி படைத்தவரின் படம் சான்றிதழோடு வருகிறது. ஏழையின் படம் வாட்ஸ்ஆப் நகலாக வருகிறது. இரண்டும் ஒரே உண்மையைக் காட்டினாலும், நிற்பது ஒன்றுதான்.

வெற்றிக்குக் கூலி கூடாது

விலை பேசும்போது சிலர் முன்வைக்கும் ஒரு யோசனையை வெளிப்படையாக மறுத்தாக வேண்டும். "இப்போது பணம் இல்லை, வழக்கு வென்று இழப்பீடு வந்ததும் பங்கு தருகிறேன்" என்பதே அது. பார்வைக்கு ஏழைக்கு உதவுவது போலத் தோன்றும். ஆனால் தீர்ப்பில் பங்கு உள்ளவர் நடுநிலைச் சாட்சியாக நிற்க முடியாது. இழப்பீட்டில் ஒரு விகிதத்தைக் கட்டணமாகப் பெறுவது பொதுக் கொள்கைக்கு எதிரானது என்று வழக்கறிஞர்கள் குறித்தே 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. சாட்சி சொல்பவருக்கு அது இன்னும் கடுமையாகப் பொருந்தும். குறுக்கு விசாரணையில் "உங்களுக்கு எவ்வளவு தரப்பட்டது? எப்போது தரப்படும்?" என்ற இரண்டு கேள்விகளே படத்தை வீழ்த்தப் போதும்.

அதே காரணத்தால், கூலி வாங்கியதை மறைப்பதும் ஆபத்து. நேரத்துக்கும் உழைப்புக்கும் வாங்கிய தொகை ரசீதில் இருந்தால், அது எந்த நீதிமன்றத்திலும் குறையாகாது. கூலி பேசியது எழுத்தில் இருப்பதும், முழுத் தொகையும் சாட்சியத்துக்கு முன்பே தீர்ந்திருப்பதும், படத்தில் என்ன வர வேண்டும் என்று பணம் தருபவர் கட்டளையிடாமல் இருப்பதும் கலைஞருக்கும் வழக்காடிக்கும் ஒருசேரப் பாதுகாப்பு.

செய்யத்தக்கவை

இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஆணையரை நியமிக்கும் உத்தரவிலேயே படம் எடுப்பவரின் நியமனம், நாள் கூலி, கோப்புகளை ஒப்படைக்கும் முறை ஆகியவற்றையும் நீதிபதிகள் குறிப்பிடலாம். மாவட்ட நீதிமன்றங்கள், ஆணையர்களுக்கு வைத்திருப்பதைப் போல, கலைஞர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை வைத்திருந்து, முறை வைத்து அழைக்கலாம். சாட்சிப் படி விதிகளில், சான்றிதழில் கையெழுத்திட்டவருக்கு அவருடைய ஒரு நாள் தொழில் வருமானத்தை ஒட்டிய தொகையை மாநிலங்கள் சேர்க்கலாம். சட்டப் பணிகள் ஆணையங்கள், 'இதர கட்டணங்கள்' என்பதில் புகைப்படமும் சான்றிதழும் அடங்கும் என்று ஒரு சுற்றறிக்கை மூலம் தெளிவாக்கலாம். காவல் மரணம், மோதல் சாவு ஆகியவற்றில் பதிவு செய்பவருக்கான தொகை காவல் துறை வழியாக அல்லாமல் நீதித் துறை நடுவர் வழியாகச் செல்ல வேண்டும்.

வணிக வழக்குகளில் தோற்றவரிடம் செலவுத் தொகை வசூலிக்கும்போது, சாட்சிகளின் செலவும் வழக்கு தொடர்பான பிற செலவுகளும் அதில் சேரும் என்று 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் தெளிவாகக் கூறிவிட்டது. கிடங்கில் பதுக்கிய போலிச் சரக்கை அம்பலப்படுத்தும் நிறுவனத்துக்குக் கிடைக்கும் அந்த வசதி, காவலில் மகனை இழந்த தாய்க்கும், இடிக்கப்பட்ட கடையின் உரிமையாளருக்கும் கிடைக்காமல் இருப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை. படத்தை ஆதாரமாகக் கேட்கும் அரசும் நீதிமன்றங்களும், அதை எடுப்பவருக்கான கூலியையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டிய காலம் வந்துவிட்டது.